ஆள் இல்லாமல் ஓடிய மெஷின்

கடைசி வருட ப்ராஜெக்டுக்கு மற்றவர்கள் லைப்ரரி, சம்பளப் பட்டியல் என்று புத்திசாலித்தனமாக எடுத்துக்கொண்டார்கள். நான்தான் வேலியில் போன ஓணானாய் மூளையை எடுத்தேன். நரம்பணுக்கள் ஒன்றையொன்று தூண்டிக் கற்றுக்கொள்வதைக் கம்ப்யூட்டரில் ஓட்டிக்காட்டும் மென்பொருள் ஒன்று இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. அதன் நிரலைக்கூடத் திறந்தே வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். குன்றத்தூர் பிரவுசிங் சென்டரில் இறக்கி, சிடியில் சேரப்பணஞ்சேரிக்குக் கொண்டுவந்தேன். என் நரம்பணுக்கள் 'அ'வையும் 'ஆ'வையும் பிரித்தறியக் கற்க வேண்டும். வைவாவில் அதைக் காட்டாவிட்டால் டிகிரி அடுத்த செமஸ்டருக்குப் போய்விடும்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் நத்தை. கற்று முடிக்க ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஓட வேண்டும். வைவாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, விடிகாலையில் ஓடவிட்டுக் கல்லூரிக்குப் போனேன்.

அண்ணன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் உற்பத்தி லைனில் வேலையில் இருந்தான். மத்தியானம் ஷிஃப்ட் முடிந்து வந்தவன், திரை இருண்டு கிடக்க டப்பா மட்டும் இரைவதைப் பார்த்திருக்கிறான். ஆள் இல்லாத மெஷின் ஓடக்கூடாது என்பது அவன் லைனின் சட்டம். நேரே போய் ஸ்விட்சை அணைத்துவிட்டான். அதுவரை கற்றதெல்லாம் போச்சு.

"லைன்ல இப்டி வுட்டா சூப்பர்வைசர் கிழிச்சிடுவாரு. நல்லதுன்னு நெனச்சிக்கினுதாம்மா பண்ணேன்" என்றான், நான் வீட்டுக்கு வந்ததும்.

"என் படிப்பையே கெடுத்துட்டே!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.

ராத்திரி கரண்ட் போய்ப் போய் வந்ததால், மறுநாள் விடிகாலையில்தான் மறுபடி ஓடவிட்டேன். அண்ணன் லீவு போட்டுவிட்டு அதன் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். 'மெஷின் ஓடுகிறது, தொடாதே' என்று சிவப்பு மையில் அட்டை எழுதி ஸ்விட்சில் வேறு கட்டியிருந்தான். அம்மாவை மிக்ஸி போடக்கூட விடவில்லையாம், வோல்டேஜ் இறங்கிவிடும் என்று.

சாயங்காலம் நான் வந்ததும், "ஒருத்தரும் கை வெக்கல. ஓடிக்கினே கீது பாரு" என்றான்.

மவுஸை அசைத்தேன். இருண்ட திரை வெளிச்சமானது. அதில் ஒரு பிழைச் செய்தி. காலையிலேயே நின்றிருக்கிறது. கற்கும் வேகத்துக்கு நான் கொடுத்த எண் மிகப் பெரியது. கணக்கு எகிறி உடைந்துவிட்டது. பகல் முழுக்க அண்ணன் காவல் காத்தது டப்பாவுக்குள் ஓடிய வெறும் ஃபேன் சத்தத்தை. இனி ஓடவிட்டாலும் வைவாவுக்குள் முடியாது.

அப்புறம்தான் உறைத்தது. நேற்று கொடுத்ததும் இதே எண்தான்.

"நேத்து நீ ஆஃப் பண்லேன்னாலும் இப்டித்தாண்ணா நின்னுருக்கும். நான்தான் நம்பர தப்பா குடுத்துட்டேன்."

அவன் என்னையே பார்த்தான். "அப்போ நான் கெடுக்கலியா?"

"இல்லண்ணா."

எழுந்து சமையல்கட்டுக்குப் போனான். தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது. அம்மா எட்டிப் பார்த்து என்னிடம் சொன்னாள்: "நேத்துலேர்ந்து இப்பத்தான்டி சோறு கேக்குறான்."