நாலு வரிக்கு ஒரு வாசகி

எழுபதுகளின் கடைசியில் டெல்லி ஆர்.கே.புரத்தில் ஓர் அறையில் தனியாக இருந்தேன். அலுவலகத்தில் பைல், அறையில் ஸ்டவ். மனம்விட்டுப் பேச ஆள் கிடையாது. ஞாயிறு காலைகளில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்தைத் திறந்து உட்காருவது என் பொறுப்பு. சங்கத்தின் மாத இதழில் ‘புதுவரவு’ என்ற பக்கத்தை எழுதுவதும் நான்தான். சென்னையிலிருந்து பார்சலில் வரும் புத்தகம் ஒவ்வொன்றுக்கும் நாலு வரி. சைக்ளோஸ்டைல் ஸ்டென்சிலில் அதற்கு மேல் இடம் இல்லை.

நாவல், ஜோதிடம், ஹோமியோபதி, பயணக் கட்டுரை, எதையும் விட்டதில்லை. ஒரு சமையல் புத்தகத்துக்கு ‘ஆசிரியருக்குப் புளி மேல் ஏனோ கோபம்’ என்றுகூட எழுதிப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை, சண்டைக்கும் வரவில்லை. திட்டி ஒரு கடிதம் வந்திருந்தால் பிரேம் போட்டு மாட்டியிருப்பேன். நாலு வருஷமாகச் சுவரோடு பேசிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், யாராவது ஒருவர் ‘படித்தேன்’ என்று சொல்லிவிட மாட்டாரா என்று ஏங்கிக் கிடந்தேன்.

ஒரு குளிர்கால ஞாயிறன்று இளம்பெண் ஒருத்தி இதழைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தாள்.

“அங்கிள், இதை எழுதறது நீங்களா?”

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயதுதான். ஆனாலும் அந்த அங்கிளை மன்னித்தேன்.

“நான் இங்கேயே பொறந்து வளந்தவ. தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். நீங்க சின்னதா எழுதறதால உங்க பேஜ் மட்டும் முழுசா முடிச்சிடுவேன். ஒரு முழு தமிழ் புக் படிக்கணும்னு ரொம்ப ஆசை. இந்த உபன்யாஸ் நல்லா இருக்கும்போல. கிடைக்குமா?”

அவள் விரல் வைத்த இடத்தில் ‘மனதை உருக்கும் உபன்யாசம்’ என்று எழுதியிருந்தேன். ஒரு பெரியவர் கோயில்களில் செய்த பக்திச் சொற்பொழிவுகளின் தொகுப்பு அது. இந்தியில் உபன்யாஸ் என்றால் நாவல். அவள் கதைப் புத்தகம் என்று நினைத்துவிட்டாள்.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். எளிய தமிழில் நல்ல நாவல் ஒன்று பக்கத்து அலமாரியிலேயே இருந்தது. ஆனால் அவள் என் பழைய மதிப்புரைகளை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்திருந்தாள். “புளி மேல கோபம்னு எழுதினீங்களே, அதைப் படிச்சு நானும் எங்க வீட்டுக்காரரும் ஒரே சிரிப்பு” என்றாள். திருத்தினால் வெட்கப்பட்டு எழுந்து போய்விடுவாளோ என்று பயந்தேன்.

“அருமையான புத்தகம். எடுத்துட்டுப் போங்க” என்றேன்.

அன்று அறைக்குத் திரும்பும் வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டே நடந்தேன். அடுத்த ஞாயிறு சவரம் செய்துகொண்டு காத்திருந்தேன். அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு அவள் கணவர் அந்தப் புத்தகத்தோடு வந்தார்.

“டிக்‌ஷனரியை வெச்சுக்கிட்டு தினமும் உக்காந்தா சார். எட்டுப் பக்கம் தாண்டலை. கதையே பிடிபட மாட்டேங்குதுன்னு அழுதுட்டா. தனக்குத் தமிழ் வராதுன்னு முடிவு பண்ணிட்டா. இனிமே தமிழ் புக்கே வேண்டாமாம்.”

அதில் கதையே கிடையாது என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால், தெரிந்தே ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்பார். புத்தகத்தை வாங்கிக்கொண்டு, “தமிழ் கொஞ்சம் கஷ்டம்தான் சார்” என்றேன்.