ராகுகாலம் பார்த்த கம்ப்யூட்டர்

போன செவ்வாய்க்கிழமை ஒரு கம்ப்யூட்டரை எட்டி உதைக்கப் பார்த்தேன். யாரை உதைத்திருக்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.

என் மனைவியின் தம்பி தயாபரனுக்கு அகதி வழக்கு. அவனது வாக்குமூலத்தின் மொழிபெயர்ப்பு, மாலை நான்கு மணிக்குள் வெம்பிளியில் இருக்கும் சட்டத்தரணிக்கு ஈமெயிலில் போக வேண்டும். பிந்தினால் அப்பீல் இல்லை. அது இருந்ததோ தோர்ண்டன் ஹீத்தில், சுகுமாரின் மொழிபெயர்ப்புக் கடையில். மூன்றரைக்கே போய்விட்டோம்.

சுகுமார் ஃபைலைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. மவுஸ் அசையவில்லை. உள்ளே ஏதோ கரகரவென்று அரைத்தது.

"என்ன, மெஷின் செத்துப்போச்சோ?"

"இல்லை அண்ணை, பிரீலிங்க் ஓடுது. கொஞ்சம் பொறுங்கோ."

அது என்ன இழவு? ஒவ்வொரு புரோகிராமும் திறக்கும்போது, லைப்ரரி எனப்படும் பொதுத் துண்டுகளைத் தேடிப் பிடித்துத் தன்னோடு இணைத்துக்கொள்ளுமாம். முன்கூட்டியே இணைத்து வைத்தால் சீக்கிரம் திறக்குமாம். எவ்வளவு சீக்கிரம்? இரண்டு செக்கன்! அதற்காக அரை மணி நேரம் வாய் பார்த்து நிற்க வேண்டும்.

"ஆளில்லாத நேரத்தில ஓட விட ஏலாதோ?"

"அப்பிடித்தான் செட் பண்ணினனான். செவ்வாய் மூண்டிலயிருந்து நாலரை ராகுகாலம். எங்கட சனம் ஒண்டும் அனுப்பாது. ஏழு நாளுக்கும் பாத்துப் பாத்து வேற வேற நேரம் போட்டிருக்கிறன்."

பெருமை வேறு! அதுவும் ஊர்க் கலண்டரில் பார்த்த நேரம். நான்கு மணிக்கே இருண்டுவிடும் இந்த நவம்பர் லண்டனில், இங்குள்ள சூரியனை வைத்துப் பார்த்தால் ராகு மூன்று மணிக்கே ஷிப்ட் முடித்துப் போயிருப்பார்...

"அத்தான், பத்து நிமிஷம்தான் கிடக்கு." தயாபரன் சுவர் மணிக்கூட்டைக் காட்டினான்.

"சுகுமார், நிப்பாட்டும் அதை!"

"இடையில நிப்பாட்டினா ஏதும் பழுதாப்போகுமோ எண்டு..."

"இவன்ர சீவியம் பழுதாப்போகுது. நிப்பாட்டும்!"

நிறுத்தினார். ஒன்றும் பழுதாகவில்லை. நான்குக்கு இரண்டு நிமிடம் இருக்க ஈமெயில் போனது. 'கிடைத்தது' என்று பதில் வந்ததும் தயாபரன் கதிரையில் உட்கார்ந்து அழுதான்.

வேகமாக்குகிறோம் என்று சொல்கிறவர்கள் முதலில் நம்மைக் காக்க வைப்பது ஏன்? மெஷினைப் பார்க்கிறார்கள், கலண்டரைப் பார்க்கிறார்கள் — எதிரே நிற்கிறவன் முகத்தைத்தான் பார்ப்பதில்லை. அகதிக்கு ஏது நல்ல நேரம், கெட்ட நேரம்? அரசாங்கக் கடிதத்தில் போட்டிருப்பதுதான் அவன் நேரம்.

நேற்று சுகுமார் போன் எடுத்தார்.

"அண்ணை, நீங்கள் ஏசினதில பிரீலிங்க் நேரத்தை மாத்திட்டன்."

"சந்தோஷம். எப்ப ஓடுது?"

"எமகண்டத்தில."