குமாஸ்தாவையும் கவனிச்சுக்குங்க

அரியலூரில் ஒரு வக்கீலிடம் நான் குமாஸ்தாவாக இருந்தபோது மாதச் சம்பளம் தொண்ணூறு ரூபாய். எழுபதுகளின் நடுப்பகுதி அது. வக்காலத்து எழுதுவது, மனுவைத் தாக்கல் செய்வது, வாய்தா தேதியைக் கட்சிக்காரருக்குச் சொல்லி அனுப்புவது, தீர்ப்பு நகல் வாங்கி வருவது எல்லாம் என் வேலை.

தன் பீஸை வாங்கி மேசை டிராயரில் போட்டதும் வக்கீல், "குமாஸ்தாவையும் கவனிச்சுக்குங்க" என்பார். எவ்வளவு என்று சொல்ல மாட்டார். எங்கள் தொழிலின் வழக்கம் அது. கீழப்பழுவூரிலிருந்து வரப்புத் தகராறோடு வந்தவர் இரண்டு ரூபாய் கொடுப்பார். இன்னொருவர் ஒரு படி கடலை. ஜெயித்தால் ஐந்து ரூபாய் வரும். தோற்றவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் பஸ் ஏறிவிடுவார்கள். நகல் பிரிவில் கொடுக்க வேண்டியதும், பெரம்பலூர் கோர்ட்டுக்குப் போகும் பஸ் சார்ஜும் அதிலிருந்துதான். என் கையில் நாள் முழுதும் நோட்டு புழங்கும். பெரும்பாலும் அது ஸ்டாம்புக்குக் கட்சிக்காரர் கொடுத்த பணம். பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. வக்கீலுக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில் என் தங்கைக்குப் பெரம்பலூரில் ஒரு வரன் கூடி வந்தது. மாப்பிள்ளைக்குக் கூட்டுறவு சொசைட்டியில் வேலை. எங்களுக்கு அப்பா இல்லை. செய்ய வேண்டியவன் நான்தான். ஐந்து பவுன் என்று பேச்சு. அம்மாவின் சங்கிலியை அழித்தும், சீட்டை எடுத்தும் செய்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

நிச்சயத்துக்கு முந்தின வாரம், மாப்பிள்ளையின் அப்பா என்னைப் பற்றி விசாரிக்க ஆபீசுக்கே வந்துவிட்டார். நான் பக்கத்து மேசையில் கேஸ் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு என்ன கிடைக்கிறது என்று அவர் வக்கீலிடம் கேட்டார். தொண்ணூறு என்று சொல்ல வக்கீலுக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும்.

"நான் குடுக்குறத விடுங்க. கட்சிக்காரங்க குடுக்குறதையும் சேத்தா மாசம் ஐநூறுக்குக் கொறையாது. சில மாசம் நானே அவன்கிட்டதான் கைமாத்து கேக்கணும்."

வந்தவர் சிரித்தார். சம்பளம் கொடுப்பவர் சொன்னதை அவர் எதிரிலேயே நான் எப்படி மறுப்பது?

இரண்டு நாளில் பத்துப் பவுன் என்று சொல்லி அனுப்பினார்கள். நேரில் போய் என் வருமானத்தை விளக்கினேன். மாப்பிள்ளையின் அப்பா பொறுமையாகத்தான் கேட்டார்.

"தங்கச்சிக்குச் செய்ய மனசு வரணும்ல தம்பி. வக்கீலே சொல்லிட்டாரு."

வரன் தட்டிப்போனது. வக்கீல் கேட்டபோது சொன்னேன். உன்னைப் பற்றி எவ்வளவு உயர்வாகச் சொல்லி வைத்தேன் என்று வருத்தப்பட்டார். அவர் நடிக்கவில்லை, அதுதான் இன்றும் எரிகிறது. அடுத்த மாதமும் அதே தொண்ணூறுதான் கொடுத்தார். மூன்று வருடம் கழித்து வரதராஜன்பேட்டைப் பக்கம் தங்கையை இரண்டாம் தாரமாகக் கொடுத்தோம்.

போகுமுன் அவள் ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"நெசமாவே ஐநூறு வருதாண்ணே?"

இல்லை என்றேன். தலையாட்டினாள். நம்பியதாகத் தெரியவில்லை.

அம்மா கடைசிவரை கேட்கவேயில்லை. மாதாமாதம் சம்பளத்தை அவள் கையில்தான் கொடுப்பேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, மீதிக்காகக் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பாள்.