சங்கிலி பிடித்தவர்

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். முப்பது வருஷமாக ஊராரை மேலே ஏற்றி இறக்கிய பழக்கத்தில், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் செத்துப்போன அப்பாவையும் ஒரு மாடி ஏற்றிவிட்டார். அந்தக் காலத்துப் பிரபு ஒருவரின் மாளிகையில் அப்பா மேனேஜராக இருந்தார் என்று சொல்லிவைத்தார். உண்மையில் அவர் அங்கே நாய்களைக் குளிப்பாட்டியவர்.

அந்த மாளிகையும் தோட்டமும் இப்போது நகராட்சிப் பூங்கா. கேட்டைத் திறந்துவிட்டு ஆறு வருஷமாகியும் மெக்கானிக் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. ஆனால் சம்பந்தியாக வரப்போகிறவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், விடுவாரா? அப்பா வேலை பார்த்த இடத்தை எல்லாருமாகப் போய்ப் பார்ப்போமே என்று ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துவிட்டார். அம்மாவும் வருவேன் என்று கிளம்பினாள். அங்கே வந்து வாயைத் திறக்கக் கூடாது என்று மெக்கானிக் வழிநெடுக அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

புல்வெளி, குளம் வரை பிழைத்தார். மாளிகையின் முன்கூடத்தில் ஆளுயரப் புகைப்படம் ஒன்று மாட்டியிருந்தது. நடுவில் பிரபு, சுற்றிலும் வேலைக்காரர்கள். கீழே ஓரத்தில் நாயின் சங்கிலியைப் பிடித்தபடி குத்தவைத்திருந்தார் அப்பா. பிரபுவின் பெயரையும் நாயின் பெயரையும் மட்டும் எழுதியிருந்தார்கள், அவர் பெயரைக் காணோம். மெக்கானிக்குக்குக் கோபம் வரவில்லை, அப்பாடா என்றுதான் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு முகம் சுடும்.

"இதுல உங்கப்பா யாரு?" என்று கேட்டார் தலைமையாசிரியர்.

மெக்கானிக்கின் விரல், பிரபுவுக்குப் பக்கத்தில் கோட்டுப் போட்டு நின்றவரைக் காட்டியது. தலைமையாசிரியர் உற்றுப் பார்த்துவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"அப்படியாம்மா?"

ஒரு சொல் போதும், கல்யாணம் கவிழ்ந்துவிடும். அம்மா படத்தைப் பார்த்தாள், பிறகு மகனைப் பார்த்தாள்.

"ஆமாங்க. அவருதான்."

"மூக்கு, நெத்தியெல்லாம் அப்படியே உரிச்சு வச்சிருக்கு," என்றார் தலைமையாசிரியர் தாராளமாக.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பாவோடு நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளை யாரோ ஒருவருக்குப் பெண்டாட்டியாக்கிவிட்டோம் என்பது அப்போதுதான் மெக்கானிக்குக்கு உறைத்தது. கூனிக் குறுகிப்போனார். இருந்தும் உண்மையைச் சொல்லவில்லை.

வெளியே வந்தபின் பார்த்தால் அம்மாவைக் காணோம். திரும்பி உள்ளே போனார். அவள் குனிந்து நின்று, படத்தின் கண்ணாடியில் அப்பாவின் முகத்துக்கு மேலிருந்த தூசியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்றே?"

"பேத்தி கல்யாணத்துக்காகத்தான், கோவிச்சுக்காதீங்கன்னு சொல்லிட்டிருந்தேன். நீயும் ஒரு வார்த்தை சொல்லிட்டு வா."

அவள் படியிறங்கிப் போய்விட்டாள். மெக்கானிக் அப்பாவுக்கு நேராகக் குத்தவைத்து உட்கார்ந்தார். அவ்வளவு நீள வாய்க்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.