மகளின் ரெசிடென்சியும் என் மாத்திரைப் பையும்

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். ஈரோட்டுப் பக்கமிருந்து சான்டா கிளாராவில் ஓர் உணவகத்துக்குச் சமையல்காரனாக வந்தேன். பிறகு ஃப்ரீமான்ட்டில் வாடகைக் கொட்டகையில் ஒரே ஒரு கிரைண்டரை வைத்து இட்லி மாவுத் தொழில் தொடங்கினேன். இன்று இந்தப் பக்கத்து இந்தியக் கடைகளில் பாதிக்கு என் வண்டிதான் மாவு கொண்டுபோய் இறக்குகிறது. பிளசன்டனில் வீடு கட்டினேன். மகனை இன்ஜினியராக்கி நியூ ஜெர்சிக்கு அனுப்பினேன். கடன் கேட்டுப் போனபோது பேங்க்காரன் கையை விரித்தான். சோதனைக்கு வந்த சுகாதார அதிகாரி, புளித்த மாவைக் கெட்டுப்போன மாவு என்றார். அங்கேயே இட்லி ஊற்றி அவர் கையில் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இதெல்லாம் யார் சிபாரிசிலும் வந்ததில்லை.

மகளைப் பார்மசி படிக்க வைத்ததும் நான்தான். படிப்பு முடியும் தறுவாயில் அவளுக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, ஃப்ரீமான்ட்டிலேயே ஒரு பெரிய மருந்துக்கடையில் வேலை. முழுச் சம்பளம், வீட்டிலிருந்தே போய்வரலாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இன்னொன்று ரெசிடென்சி. பட்டம் வாங்கிய பிறகும் ஒரு வருடம், கிளினிக்கை ஒட்டிய மருந்துக்கடையில் மூத்தவர்களின் கீழ் இருந்து பழகுவது. டெக்சாஸில் ஓர் இடத்துக்கு விண்ணப்பித்திருந்தாள்; இன்டர்வியூ அடுத்த வாரம்தான். சம்பளம் பாதிகூட இல்லை. செய்துதான் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

"படிச்சு முடிச்சப்புறம் எதுக்கு கண்ணு மறுபடியும் பழகறது? லைசென்ஸ் வாங்குனவன் திரும்ப எல் போர்டு மாட்டுவானா?" என்று கேட்டேன்.

"கடையில நின்னா போன், கார்ல வந்து வாங்கறவங்களுக்கு டிரைவ்-த்ரூ, தடுப்பூசி, இதுக்கே நாள் போயிடும்ப்பா. பேஷன்ட் கூட உக்காந்து பேசவே முடியாது. ரெசிடென்சில அதுதான் வேலையே."

"அப்புறம் எதுக்கு யோசிக்கற?"

"போயிட்டு வந்த சீனியர்ஸ் சில பேர் இப்ப அதே மாதிரி கவுன்டர்லதான் நிக்கறாங்க. ஒரு வருஷம் வேஸ்ட்டாப் போச்சுன்னா?"

அவளுக்கு இதுதான் குழப்பம். என் மனைவிக்கு டெக்சாஸ் என்ற சொல்லே பிடிக்கவில்லை. மகன் போனில், "ஷ்யூரான வேலையப் போய் விடுவாளாப்பா?" என்றான். அதற்குமேல் நான் எந்தப் பக்கமும் பேசவில்லை. எனக்குத் தெரியாத தொழில்.

இன்டர்வியூவில் ஒரு நோயாளியைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டுமாம். பழகிப் பார்ப்பதற்காகப் புதன்கிழமை சாயங்காலம் என்னிடம் கேட்டாள்.

"அப்பா, உங்க மாத்திரை எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க. ஒண்ணு விடாம."

கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் கொட்டினேன். இங்கே கொடுத்த ஆரஞ்சு டப்பாக்கள் ஒரு பக்கம். ஊரிலிருந்து யார் வந்தாலும் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் மாத்திரை அட்டைகள் ஒரு பக்கம். ஒவ்வொன்றாக எடுத்து, எதற்கு, எப்போது, யார் கொடுத்தது என்று கேட்டுக்கொண்டே போனாள். பாதியில் ஓர் அட்டையை எடுத்து ஒரு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது ரெண்டும் ஒரே பிரஷர் மாத்திரைப்பா."

"பேரு வேறயா இருக்குதே?"

"பேரு கம்பெனி வச்சது. உள்ள இருக்கற மருந்து ஒண்ணுதான். நீங்க டபுள் டோஸ் எடுத்துட்டு இருக்கீங்க. இங்க டாக்டர் கேக்கலையா?"

"கேட்டாரு. நீங்க குடுக்கறதத்தான் சாப்படறேன்னு சொன்னேன். ஈரோட்டு டாக்டர் குடுத்தத இவருகிட்ட எதுக்குச் சொல்றது? ஒரு டாக்டர்கிட்டப் போயி இன்னொருத்தரப் பத்திப் பேசறது மரியாதையா?"

என் மனைவி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்: "ஊருக்கெல்லாம் அளந்து மாவு போடறவருங்க! தனக்கு மட்டும் ரெண்டு கரண்டி சேத்தி ஊத்திக்கிட்டாரு."

மகள் சிரிக்கவில்லை. குனிந்து என் கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்தினாள். அழுத்திய இடம் குழியாகவே நின்றது. கால் வீக்கம் சிமென்ட் தரையில் நின்று நின்று வந்தது என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். எழுந்தால் தலை சுற்றுவதற்கு வயதைச் சொல்லி வந்தேன்.

"இந்த மருந்து அதிகமானா கால் வீங்கும், தலை சுத்தும்ப்பா. நீங்களா எதையும் நிறுத்தாதீங்க. காலையில டாக்டர்ட்டப் பேசலாம்," என்றாள். மறுநாள் அவளே போன் போட்டாள். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அட்டை மாத்திரையை நிறுத்தச் சொன்னார். சில வாரங்களில் கால் பழைய ஷூவுக்குள் போனது.

அந்தப் புதன்கிழமை, மாத்திரைகளைத் திரும்பப் பையில் போடும்போது மகள் பொதுவாகச் சொன்னாள்: "முழுசா ஒரு மணி நேரம் ஆச்சு. கடையில எனக்கு யாரு இந்த ஒரு மணி நேரத்தத் தருவா?" வெள்ளிக்கிழமை ஃப்ரீமான்ட் வேலையை வேண்டாமென்று எழுதி அனுப்பிவிட்டாள். இன்டர்வியூவில் கல்லூரியில் தயாரித்த கதையை விட்டுவிட்டு என் மாத்திரைக் கதையைச் சொன்னாள். இடம் கிடைத்தது. இப்போது டெக்சாஸில் இருக்கிறாள். அந்த ஒரு வருடம் அவளுக்கு என்ன கொடுக்கும் என்று எனக்குத் தெரியாது; அவளுக்கும் இன்னும் தெரியாது.

இன்டர்வியூவில் திரையில் போட்டுப் பேசிய ஸ்லைடுகளைப் பிறகு எனக்குக் காட்டினாள். முதல் வரி: எழுபத்தொரு வயது ஆண், கால் வீக்கம், இரண்டு நாடுகளிலிருந்து வாங்கிய மருந்துகள். அவ்வளவுதான்.

"என் பேரு எங்க?"

"பேஷன்ட் பேரெல்லாம் போடக் கூடாதுப்பா. ரூல்."

"பேஷன்ட்டு நானே போடுன்னு சொல்றனே?"

"அப்பவும் போட மாட்டாங்க."

சரி, பெயர் வேண்டாம். ஆனால் டெக்சாஸ்காரர்கள் ஏதோ ஒரு கிளினிக்கில் ஏதோ ஒரு கிழவரை அவள் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கண்டுபிடித்தது அவள்தான், மறுக்கவில்லை. ஆனால் கால் என்னுடையது. ஓர் அட்டையைக்கூட ஒளிக்காமல் அவள் முன்னால் கொட்டியவன் நான். அந்த வேலையா, ரெசிடென்சியா என்று அவள் திண்டாடியபோது முடிவு வந்தது அந்த மேசையில்தான். இனி அவள் எங்கே இந்தக் கதையைச் சொன்னாலும், 'அந்த நோயாளி என் அப்பா, எல்லாவற்றையும் அவரே கொண்டுவந்து வைத்தார்' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். போனில் சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டே "பாக்கலாம்ப்பா" என்றாள். பார்க்கலாம் என்பதெல்லாம் எனக்குப் போதாது. சேர்க்க வேண்டும்.