பூமுடிப்புக்காகத் தள்ளிப்போட்ட ஸ்கேன்

என் மகள் ஹேமாவின் வயிற்றில் இரட்டைக் குழந்தைகள். இரண்டுக்கும் ஒரே நஞ்சுக்கொடி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்த்தே ஆகவேண்டும் என்று திருப்பதி டாக்டர் சொல்லியிருந்தார். ஐந்தாம் மாதம், ஸ்கேன் பார்க்க வேண்டிய அதே வாரத்தில், நகரியில் எங்கள் வீட்டில், கர்ப்பிணிக்குப் பூச்சூட்டும் பூமுடிப்பு வைத்தோம்.

"மூச்சு வாங்குதும்மா, படுக்கவே முடியல" என்றாள் ஹேமா.

"ரெட்டைப் புள்ளன்னா அப்பிடித்தான். பூ முடிச்சிட்டு ஸ்கேனுக்குப் போலாம்" என்றேன்.

விழாவுக்கு வந்த என் நாத்தனார் அவள் வயிற்றைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னா அண்ணி, ரெண்டும் போட்டி போட்டுக்கினு வளருதுங்களா?" எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த வாரம் திருப்பதி போனோம். நஞ்சுக்கொடியில் இரத்தக்குழாய்கள் இணைந்து, ஒரு குழந்தையின் இரத்தம் மற்றதற்குப் போய்க்கொண்டிருந்தது. வயிறு பெருத்தது பிள்ளைகள் வளர்ந்ததால் அல்ல. ஒரு பனிக்குடத்தில் நீர் மிதமிஞ்சியிருந்தது, மற்றதில் நீரே இல்லை.

"போன வாரமே ஏம்மா வர்ல?" என்றார் டாக்டர்.

அன்றே சென்னைக்கு அனுப்பினார்கள். கருப்பைக்குள் லேசர் செலுத்தி அந்தக் குழாய்களை அடைத்தார்கள். மறுநாள் ஸ்கேனில் ஓர் இதயம்தான் துடித்தது. முன்பே வந்திருந்தாலும் இரண்டும் பிழைத்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

குறைமாதத்தில் பிறந்த பேரன் ஹேமாவின் மடியில் இருக்கிறான். அவள் என்னிடம் அதிகம் பேசுவதில்லை.

இப்போதெல்லாம் எந்த வீட்டுப் பூமுடிப்புக்குப் போனாலும், கடைசி ஸ்கேன் எப்போது எடுத்தீர்கள் என்று கேட்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். கேட்ட பிறகுதான் பூ வைக்கிறேன்.

– ஓர் அம்மா, நகரி