பார்க்காமல் எழுதாதவர்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு, எலெக்ட்ரானிக் சிட்டியில் என் மேஜையில் இருந்தபோது சரோஜா அத்தையின் போன் வந்தது. அத்தைக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. “உங்க நைனா போய்ட்டாரும்மா. சேர்ல உக்காந்த மேனிக்கே போய்ட்டாரு. சீக்கிரம் வந்து சேரு, வெயிலு தாங்காது” என்றார். வெயில் தாங்காது என்றது உடலைப் பற்றி. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, அம்மா இறந்த அன்றும் இதே சொல்லை இதே வாயிலிருந்து கேட்டிருக்கிறேன்.

நைனா என்றால் என் அப்பா. சிவாஜிநகரில் எங்கள் சந்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர் மீட்டர் முனுசாமி. மின்சார இலாகாவில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்துக் குறித்துவந்தவர்.

கூட வேலை பார்த்த உங்களுக்கு அவரால் பட்ட பாடு நினைவிருக்கும். வீடு பூட்டியிருந்தால், போன மாதம் என்ன ஓடியது என்று பார்த்து ஏதாவது ஓர் எண்ணைப் போட்டுவிட்டு நகர்வதுதான் எல்லோரும் செய்வது. இவர் மறுநாள் போவார். அப்போதும் பூட்டியிருந்தால் அதற்கு மறுநாள் போவார். மல்லேஸ்வரத்தில் ஒரு வீட்டு நாய் கடித்து, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்ட பிறகும், கட்டோடு அதே வீட்டுக்குப் போய் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தார். “பாக்காம எழுதக்கூடாது” என்பார். நீங்கள் தலையில் அடித்துக்கொள்வீர்கள். வீட்டில் நாங்களும்தான்.

எனக்கு ஒன்பது வயதான அந்தக் கோடையில் அம்மா ஒரு மாதமாக ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அத்தை அவளோடு இருந்தார். பள்ளிக்கூடம் லீவு. என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் நைனா தன்னோடு வேலைக்கு அழைத்துப்போனார். தாகம் எடுத்தாலும் எந்த வீட்டிலும் தண்ணீர் கேட்கக் கூடாது என்பது அவர் போட்ட ஒரே சட்டம். ஏன் என்று அப்போது தெரியாது. சில வீடுகளில் எங்களுக்கென்று வேறு டம்ளர் இருந்தது பின்னால்தான் தெரிந்தது.

ஒரு நாள் பதினொரு மணி இருக்கும். மல்லேஸ்வரத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே டார்ச் அடித்து எண்ணைப் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய கூட்டாளி நஞ்சுண்டப்பா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நைனாவைத் தோளில் கைபோட்டுத் தள்ளிக்கொண்டு போய் ஏதோ சொன்னார். பிறகு, “பா முனுசாமி, ஹோகோணா” என்று வண்டியைக் காட்டினார். போகலாம் வா என்று கூப்பிடுகிறார், ஸ்கூட்டரில் போகப் போகிறோம் என்று எனக்கு ஒரே குஷி.

“நீ போப்பா. நாங்க நடந்து வர்றோம்” என்றார் நைனா.

மல்லேஸ்வரத்திலிருந்து சிவாஜிநகர் பஸ்ஸில் போகிற தூரம். தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. நான் சிணுங்க ஆரம்பித்ததும் நைனா நின்று, “ஒரு ஆட்டம் ஆடலாமா கண்ணு? நெழலு விட்டு நெழலு தாண்டணும். வெயில மிதிச்சா அவுட்டு” என்றார். வீட்டில் சிரிக்கவே காசு கேட்கிற மனுஷன், காக்கிச் சட்டையும் தோள்பையுமாகத் தெருவில் குதித்தார். மர நிழலிலிருந்து மர நிழலுக்கு, அங்கிருந்து கம்பத்தின் ஒல்லி நிழலுக்கு, நின்றிருந்த பஸ்ஸின் நிழலுக்கு. அரண்மனை மதிலோரம் விழுந்து கிடந்த சிவப்பு மே மலரைப் பொறுக்கி என் தலையில் செருகினார். தெருக்குழாயில் இரண்டு பேரும் தலையைக் காட்டினோம். அவர் ஐந்து முறை அவுட். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. இதை எழுத இப்போதும் கூசுகிறது.

எங்கள் சந்து முனையில் பந்தல் போட்டிருந்தது. பெரிய நிழல் கிடைத்துவிட்டது என்று நான் முந்தி ஓடினேன். “நைனா அவுட்டு! நைனா அவுட்டு!” என்று கத்திக்கொண்டே பந்தலுக்குள் புகுந்தால், நடுவில் பெஞ்சில் அம்மா. அத்தை எழுந்து வந்து விட்ட அறையில் பூ தெறித்து விழுந்தது. “ஆத்தா செத்துக் கெடக்குறா, பூ வெச்சிக்கினு சிரிச்சிக்கினு வர்றா பாரு!” என்றார். நைனா யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய் அம்மா முகத்துத் துணியை விலக்கிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அலறினார்.

அவருக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்தார்களாம். வெயில் தாங்காது என்று அத்தை அவசரப்படுத்தினார். எனக்கு அம்மாவோடு கிடைத்தது பத்து நிமிடம். அந்த இரண்டு மணி நேரத்தை நைனா என்னிடமிருந்து பறித்துக்கொண்டார் என்றே நினைத்து வளர்ந்தேன். அவரிடம் வேண்டியதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

என் மகள் நிவேதா பிறந்தபோது கஞ்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். அன்றுதான் கேட்டேன். “நஞ்சுண்டப்பா சொன்னப்பவே உனக்குத் தெரியும்தானே? ஏன் நைனா என்னை நடக்க வெச்ச?”

கஞ்சியை டம்ளரில் ஊற்றி என் கையில் கொடுத்தார். பிறகு, “அவன் சொன்னான். அப்ப நான் இன்னும் பாக்கலியே கண்ணு” என்றார். “உனக்காகன்னு நெனச்சுக்காத. எனக்குத்தான் போய்ப் பாக்கத் தைரியம் இல்ல” என்றார். மன்னிப்பு கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் டம்ளரைக் கழுவ எழுந்து போய்விட்டார். எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

சென்ற மாதம் அதே சந்தில் அதே இடத்தில் பந்தல். நெய்ப்பந்தம் பிடிக்கப் பேத்தி வேண்டுமென்று ஐந்து வயது நிவேதாவை நிறுத்தினார்கள். ஒழுங்காகப் பிடித்தாள். பாடையைத் தூக்கியதும் பெண்கள் நாங்கள் சந்து முனைவரை பின்னால் போனோம். திடீரென்று நிவேதா என் கையை உதறிவிட்டு ஓர் ஆட்டோவின் நிழலுக்குத் தாவினாள். அங்கிருந்து வேப்பமர நிழலுக்கு.

“ஏ பொண்ணே!” என்று அத்தை கையை ஓங்கினார். அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன். அத்தைக்கு இப்போது எழுபது வயது. “விடுங்க அத்தை” என்றேன். என்னை ஏறிட்டுப் பார்த்தார். அவருக்கும் நினைவு இருந்தது.

“தாத்தாதான் சொல்லிக்குடுத்தாரு. வெயில மிதிச்சா அவுட்டு” என்றாள் நிவேதா. அன்றைக்குப் பிறகு என்னோடு அவர் ஒருமுறைகூட அதை ஆடவில்லை. இவளுக்கு எப்போது கற்றுக்கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது.

பாடை வேப்பமரத்தைத் தாண்டி மெயின் ரோட்டு வெயிலில் இறங்கியது. நிவேதா எட்டிப் பார்த்து, “தாத்தா அவுட்டு” என்று மெதுவாகச் சொன்னாள். காலையிலிருந்து வராத அழுகை எனக்கு அப்போது வந்தது.

அவருடைய டார்ச்சை நான் எடுத்து வைத்திருக்கிறேன். அந்த நடையையும் வைத்துக்கொள்கிறேன். அம்மாவிடம் நான் இருந்திருக்க வேண்டிய நேரம் அது. அந்தக் கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் மீட்டர் முனுசாமி நடுத்தெருவில் குழந்தையைப் போலத் துள்ளிக் குதித்தார். உங்களில் யாரும் அதைப் பார்த்திருக்கமாட்டீர்கள். நான் பார்த்தேன். பார்த்ததால் எழுதுகிறேன்.